இரண்டு இடத்தில் அடகு வைத்த மே மாதம்

2023 கோடையில் தமிழ்நாட்டுப் பள்ளிகள் திறக்கும் தேதி இரண்டு முறை மாறியது. முதலில் மேல் வகுப்புகளுக்கு ஜூன் 1, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 5 என்றார்கள். வெயில் தணியவில்லை என்று ஜூன் 7 ஆனது. அதுவும் நிற்காமல், ஆறு முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகளுக்கு ஜூன் 12, ஒன்று முதல் ஐந்து வரை ஜூன் 14 என்று முடிந்தது. மறு ஆண்டு ஜூன் 6 என்று அறிவித்த தேதி ஜூன் 10க்குப் போனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். கூடவே, "டீச்சருக்கு என்னப்பா, உட்கார்ந்த இடத்தில் இன்னும் ஒரு வாரச் சம்பளம்" என்ற பேச்சும் டீக்கடையிலிருந்து குடும்ப வாட்ஸப் குழு வரை ஒரு சுற்று வந்தது.

அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாதக்கணக்கில் கோடை விடுமுறை கிடைக்கும் அரசு வேலை வேறு அதிகம் இல்லை. ஆனால் அந்த விடுமுறைக்குள் என்னென்ன நடக்கிறது, புதிய கல்வியாண்டுக்கு ஓர் ஆசிரியர் எப்போது, எந்த நேரத்தில் தயாராகிறார், அந்த நேரம் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பார்த்தால் சித்திரம் வேறு மாதிரி இருக்கிறது.

சட்டத்திலிருந்து தொடங்கலாம். 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1000 மணி நேரம். அதிகம் பேசப்படாத இன்னொரு வரியும் அதன் அட்டவணையில் இருக்கிறது: ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்குக் குறைந்தது 45 மணி, பாடத் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து. காலை ஒன்பதரைக்கு மணியடித்து மாலை நாலேகாலுக்கு விடும் ஒரு பள்ளியில் ஐந்து நாளைக்கும் கணக்குப் போட்டால் 34 மணி நேரம் முழுதாக வராது. மீதமுள்ள 11 மணி நேரத்தைச் சட்டம் எங்கே வைத்திருக்கிறது? பெரும்பாலும் ஆசிரியரின் வீட்டில்தான். அதாவது தயாரிப்பும் வேலைதான் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதற்கு இடமோ நேரமோ எந்த நாட்காட்டியிலும் குறிக்கப்படவில்லை.

நாட்காட்டியைச் சுற்றி நடக்கும் இழுபறி எல்லாம் வகுப்பு நடக்கும் நாட்களைப் பற்றியதுதான். 2024-25க்கு முதலில் 220 வேலைநாள் என்று வெளியிட்டார்கள். சனிக்கிழமைகள் நிறைய வேலைநாளாகிப் போனதை ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்க, அது 210 ஆகக் குறைந்தது. அந்த வாக்குவாதத்தில் இரு தரப்பும் எண்ணியது மாணவர் வருகிற நாட்களை. மாணவர் வராத நாளில் ஆசிரியர் செய்யும் வேலைக்கு எண்ணே இல்லை.

அந்த வேலை மே மாதத்தில் தொடங்குவதுமில்லை. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் அரசுப் பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான சேர்க்கை மார்ச் 1 அன்றே தொடங்கிவிட்டது. தனியார் பள்ளிகள் அதற்கு முன்பே சேர்க்கையை முடித்துக்கொள்வதால் துறை அப்படி முடிவு செய்தது, சரியான முடிவுதான். ஆனால் பொதுத்தேர்வும் ஆண்டுத்தேர்வும் நடக்கும் அதே மாதத்தில், ஆசிரியர்கள் துண்டறிக்கையோடு தெருத் தெருவாகப் போக வேண்டியிருந்தது. இருபது, முப்பது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். பிள்ளைகள் குறைந்தால் ஒரு பணியிடம் உபரி என்று கழியும். இரண்டு ஆசிரியர் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகும். ஆகவே ஆசிரியரே முன்பணம் போட்டு வேன் ஏற்பாடு செய்வதும், புதிதாகச் சேரும் பிள்ளைக்குப் பையோ தண்ணீர் பாட்டிலோ வாங்கிக் கொடுப்பதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மாலையும் மேளதாளமுமாக முதல் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வரும் படம் ஜூனில் நாளிதழ்களில் வருமே, அந்தச் செலவுக்கு அரசுக் கணக்கில் தலைப்பு கிடையாது.

ஏப்ரல் வந்தால் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் மையங்களுக்குப் போகிறார்கள். தேர்தல் ஆண்டு என்றால் அதுவும் இந்த மாதங்களில்தான் விழுகிறது. 2019 மக்களவைத் தேர்தலுக்கு ஏப்ரல் 18இல் வாக்குப்பதிவு. 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, எண்ணிக்கை மே 2. 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. வாக்குச்சாவடி அலுவலர்களில் பெரும்பகுதி ஆசிரியர்கள். பயிற்சி வகுப்புகள், முதல் நாள் இரவு பழக்கமில்லாத ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படுக்கை, மறுநாள் நள்ளிரவு வரை பெட்டி ஒப்படைக்கும் வரிசை. இதைக் குறையாகச் சொல்ல முடியாது. சட்டமே தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் ஆகிய மூன்றுக்கும் ஆசிரியர்களைப் பயன்படுத்தலாம் என்கிறது. 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வாக்காளர் பட்டியல் வேலையை விடுமுறை நாளிலும் கற்பித்தல் இல்லாத நேரத்திலும் மட்டும் ஆசிரியருக்குக் கொடுங்கள் என்றது. வகுப்பு கெடக் கூடாது என்ற அக்கறை நியாயமானது. விளைவு என்னவோ, அந்த வேலை ஆசிரியரின் ஓய்வு நேரத்தைத் தேடி வந்ததுதான். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக வீடு வீடாகப் போனவர்களில் ஆசிரியர்களும் உண்டு. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முதல் கட்டமான வீட்டுப் பட்டியல் பணிக்கு மத்திய அரசு ஒதுக்கிய காலம் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை.

இனி அந்தக் கடைசி வாரம். பள்ளி திறப்பதற்கு முன் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். வளாகத்தில் புதர் அகற்ற வேண்டும், குடிநீர்த் தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், மின் இணைப்பைச் சோதிக்க வேண்டும், பழுதடைந்த கட்டடத்தில் பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாது, கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும். படிக்கும்போது ஒவ்வொன்றும் அவசியம் என்றே தோன்றும். எழுத்தர் கிடையாத, காவலாளி கிடையாத தொடக்கப் பள்ளியில் இதையெல்லாம் செய்யப்போவது தலைமையாசிரியரும் உதவி ஆசிரியருமே. பூட்டிக் கிடந்த வகுப்பறையைத் திறந்தால் அணில் கூடு கட்டிய அலமாரி, பல்லி எச்சம் அப்பிய சார்ட்டுகள், எலி கடித்த சொல் அட்டைகள். சார்ட்டுகளை மறுபடி எழுத வேண்டும். மின்விசிறி சுற்றாது. ஊராட்சியில் சொல்லி ஆள் வர இரண்டு நாள் ஆகும். ஊராட்சிச் செயலர் ஊரில் இல்லையென்றால் இன்னும் இரண்டு நாள்.

அதற்குள் வட்டார அலுவலகத்துக்குப் பாடநூல் வந்திருப்பதாக வாட்ஸப் குழுவில் தகவல் வரும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு நூல், நோட்டு, சீருடை, பை, காலணி, வண்ணப் பென்சில் என்று எல்லாம் இலவசம். இந்தியாவில் வேறு பல மாநிலங்கள் எட்டாத உயரம் இது. திறப்பு நாளன்றே நூல் கையில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. நூல்களைப் பள்ளிக்கே கொண்டுவந்து இறக்க வேண்டும் என்பதும் உத்தரவுதான். முதல் உத்தரவு நிறைவேறிவிடுகிறது. இரண்டாவது நிறைவேறாத இடங்களில், முதல் உத்தரவைக் காப்பாற்ற ஆசிரியரின் இருசக்கர வண்டியோ வாடகை ஆட்டோவோ போகிறது. ஆங்கில வழிக்கு எத்தனை, தமிழ் வழிக்கு எத்தனை என்று எண்ணிக் கட்டிவைத்து, பதிவேட்டில் ஏற்றி, பிள்ளைக்குக் கொடுத்த பின் செயலியிலும் ஏற்றியாக வேண்டும்.

செயலி என்றதும் எமிஸ் வந்துவிடுகிறது. கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பு என்ற அதன் முழுப் பெயரை ஆசிரியர் ஓய்வறையில் யாரும் சொல்வதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் அடுத்த வகுப்புக்கு ஏற்ற வேண்டும். ஐந்தாவது முடித்துப் போகிறவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் எடுத்துப் பொதுத் தொகுப்பில் விட வேண்டும். அங்கிருந்து புதிய பள்ளி இழுத்துக்கொள்ளும். பழைய பள்ளி விடாமல் புதிய பள்ளியால் சேர்க்க முடியாது. எனவே பள்ளி திறந்த முதல் வாரத்தில், முன்பின் தெரியாத தலைமையாசிரியர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டு "சார், அந்தப் பொண்ணைக் கொஞ்சம் விட்டுடுங்க" என்று கேட்பது அன்றாடக் காட்சி. ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, பெற்றோர் சொல்வது மூன்றாவது என்றால் தீர்ந்தது. பெற்றோரின் கைபேசி எண்ணைச் சரிபார்க்கச் சொன்னபோது, ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொன்னால் பணம் போய்விடும் என்று பயந்த அம்மாக்களிடம் "நான் டீச்சர்தாம்மா பேசுறேன்" என்று நம்பவைப்பதே தனி வேலையாகிப்போனது.

இந்த அமைப்பு வேண்டாம் என்று வாதிட முடியாது. இடைநிற்கும் பிள்ளையைப் பெயரோடு கண்டுபிடிக்கவும், உதவித்தொகை சரியான கணக்குக்குப் போய்ச் சேரவும் அது உதவியிருக்கிறது. கேள்வி, அந்தத் தரவை உள்ளிடும் கை யாருடையது என்பதே. 2023 அக்டோபரில் ஆசிரியர் சங்கங்களோடு நடந்த பேச்சுக்குப் பிறகு வருகைப்பதிவு தவிர மற்ற எமிஸ் பணிகளிலிருந்து ஆசிரியர்களுக்கு விலக்கு என்று அறிவிக்கப்பட்டது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில் அதற்கென்று ஆட்களும் வந்தார்கள். இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளிக்கு அந்த அறிவிப்பு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்பது அங்கே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் சில ஆண்டுகளுக்கு முன் சில மாநிலங்களில் நடத்திய ஆய்வில், ஆசிரியரின் ஆண்டு வேலை நேரத்தில் கற்பித்தலுக்குப் போவது 19.1 சதவீதம் மட்டுமே என்று தெரியவந்தது. மீதி எல்லாமே வெட்டி வேலை என்று இதைப் படிக்கக் கூடாது. தேர்வு நடத்துவது, மதிப்பிடுவது போன்ற பள்ளியின் சொந்த வேலைகளும் அதில் அடங்கும். இருந்தாலும் ஐந்தில் ஒரு பங்கு என்பது யாரையும் யோசிக்கவைக்கும் எண்.

தயாரிப்பு என்ற சொல்லுக்கு நியாயமாக உரிய வேலைக்கு, அதாவது பாடத்துக்கு, இத்தனைக்கும் பிறகுதான் முறை வருகிறது. இங்கே தமிழ்நாட்டு ஆசிரியருக்கு ஒரு தனிச் சுமை உண்டு: கற்பிக்கும் முறையே சில ஆண்டுக்கு ஒரு தடவை மாறிவிடும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்தது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அட்டைகளையும் ஏணிப்படிகளையும் வைத்துப் படித்தார்கள். மேல் வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வந்தது. மனவரைபடம் போடாத பாடக்குறிப்பைப் பார்வைக்கு வந்த அதிகாரி திருப்பிக் கொடுத்த காலம் அது. 2012-13இல் முப்பருவ முறை. 2018-19 முதல் புதிய பாடநூல்கள். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும், முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் படிக்கவைத்தது. மறு ஆண்டு நான்கு, ஐந்துக்கும் நீண்டது. 2025-26இல் ஆறு முதல் ஒன்பது வரை திறன் இயக்கம்.

ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, கையேடு, புதிய படிவம். 2007இல் வேலைக்கு வந்த ஓர் இடைநிலை ஆசிரியை இதுவரை குறைந்தது நான்கு தடவை தன் வகுப்பறையைக் கலைத்து அடுக்கியிருப்பார். இவற்றில் சில நல்ல மாற்றங்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பாட்டும் பொம்மலாட்டமுமாக நடக்கும் பாடத்தைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆனால் மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்து நடத்தும் ஆசிரியர், மூன்று நிலைக்கும் தனித்தனிப் பயிற்சித்தாள் தயாரித்து, மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றி, கூடவே காலை உணவு வந்ததா என்றும் பார்க்கிறார். முறையை வடிவமைத்தவர்கள் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று மனதில் வைத்திருக்க வேண்டும். களத்தில் அப்படி அமைந்த தொடக்கப் பள்ளிகள் குறைவு.

தயாரிப்பு முழுவதும் ஒரே உத்தரவில் வீணாகப் போன ஆண்டும் ஒன்று உண்டு. 2011இல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்வியை நிறுத்திவைப்பதாகப் புதிய அரசு முடிவெடுத்தது. அச்சிட்ட நூல்கள் கட்டுக்கட்டாகக் கிடங்கில் கிடந்தன. ஜூன் 15 அன்று பள்ளிகள் திறந்தபோது ஆசிரியர் கையில் எந்த நூலும் இல்லை. எந்தப் பாடத்திட்டம் என்றும் தெரியாது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், ஆகஸ்ட் 9 அன்று பத்து நாளுக்குள் சமச்சீரை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டு மாதம் ஆசிரியர்கள் கதை சொன்னார்கள், ஓவியம் வரையவைத்தார்கள், பழைய இலக்கணத்தையும் வாய்ப்பாட்டையும் திரும்ப நடத்தினார்கள். அந்த இரண்டு மாதத்தை நல்லபடியாகச் சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

இப்போது வீட்டுக்கு வருவோம். ஆசிரியர் குடும்பத்தில் மே மாதம் என்பது ஆண்டு முழுக்கத் தள்ளிப்போட்ட காரியங்களின் கிடங்கு. மாமியாருக்குக் கண்புரை அறுவை: "மே லீவுல பாத்துக்கலாம்." பல் வேர் சிகிச்சை, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, பத்திரப் பதிவு, குலதெய்வத்துக்கு நேர்ந்த பொங்கல், வைகாசி முகூர்த்தங்களில் தவிர்க்க முடியாத நான்கைந்து கல்யாணம், எல்லாம் மே. சொந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தால் கல்லூரி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, கட்டணத்துக்குப் பணம் புரட்டுவது ஆகியவையும் அதே மாதம். மறுபக்கம் பள்ளியும் சேர்க்கை, பராமரிப்பு, பதிவேடு, பயிற்சி எல்லாவற்றையும் அதே மே மாதத்துக்குத்தான் தள்ளிவைக்கிறது. ஒரே நிலத்தை இரண்டு இடத்தில் அடகு வைத்தவர் கதைதான். வட்டி கட்டும் நாள் வந்ததும் ஏதோ ஒரு பக்கம் சொல் தவற வேண்டியிருக்கிறது.

தவறுவது எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்தது. 2024-25 பள்ளித் தரவுகளின்படி இந்தியாவில் ஆசிரியர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியிருக்கிறது. அதில் பெண்கள் 54 சதவீதம். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பெண்களின் பங்கு இன்னும் அதிகம். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார் என்றும் ஆண் 88 நிமிடம் செலவிடுகிறார் என்றும் சொல்கிறது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சட்டம் வீட்டில் விட்டுவைத்த அந்த 11 மணி நேரம் எங்கிருந்து எடுக்கப்படும் என்பது புரியும். இரவு சமையலறை விளக்கை அணைத்த பிறகு எழுதும் பாடக்குறிப்பு அது. ஆண் ஆசிரியர்கள் எழுதுவதில்லை என்று இதற்குப் பொருளில்லை. அவர்களால் பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கே எழுத உட்கார முடிகிறது.

அரசு இந்தப் பக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அது பொய். மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம் என்று உயர்ந்தது. கொரோனா காலத்தில் நின்றுபோன ஈட்டிய விடுப்புச் சரண் 2025 அக்டோபரில் திரும்ப வந்தது. அதே 2025 ஏப்ரலில் பிள்ளைகளின் உயர்கல்விக்கான முன்பணம் தொழிற்கல்விக்கு 1 லட்சம், கலை அறிவியல் படிப்புக்கு 50,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. இவை எல்லாம் பணமாகவோ நீண்ட விடுப்பாகவோ வரும் உதவிகள். அன்றாட நேரத்தைத் திருப்பித் தரும் உதவி இதில் எதுவும் இல்லை.

மாறுதல் கலந்தாய்வைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. காலியிடம் அதிகம் கிடக்கும் கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் தென்மாவட்டக்காரர்கள் நிறைய பேர் வேலை பார்க்கிறார்கள். கணவர் திருநெல்வேலியில், மனைவி திருவண்ணாமலையில், பிள்ளை தாத்தா வீட்டில் என்று பிரிந்த குடும்பங்களுக்குப் பொதுமாறுதல் கலந்தாய்வு என்பது கல்வியாண்டின் மிகப் பெரிய நாள். கணவன் மனைவி பணிபுரியும் இடம் என்ற முன்னுரிமை இருக்கிறது. காலியிடம் இருந்தால்தானே முன்னுரிமை பயன்படும். இந்தக் கலந்தாய்வு மே மாதமே முடிந்துவிட்டால் குடும்பம் வீடு பார்க்கும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும், ஆசிரியரும் புதிய பள்ளியின் பிள்ளைகளைத் தெரிந்துகொண்டு ஆண்டைத் தொடங்கலாம். வழக்குகளாலும் விதி மாற்றங்களாலும் அது ஜூன், ஜூலைக்கு நீளும் ஆண்டுகளில், திறப்பு நாளில் பாடத் திட்டம் போட்டவர் ஒருவர், நடத்தப்போகிறவர் வேறொருவர். 2023 டிசம்பர் 21 அன்று வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வித் துறையில் ஒன்றிய அளவிலிருந்த பணிமூப்பு முன்னுரிமையை மாநில அளவுக்கு மாற்றியபோது, தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்கும் காரணம் இந்தக் குடும்பக் கணக்குதான். ஒரே ஒன்றியத்துக்குள் பதவி உயர்வு பெற்று, வீட்டை மாற்றாமல் வேலை பார்த்த பெண்கள், இனி பதவி உயர்வு வேண்டுமானால் ஊரை விட வேண்டும் என்ற நிலை வந்ததாக நினைத்தார்கள்.

இதுவரை சொன்னது நிரந்தர வேலையில் இருப்பவர்கள் பாடு. 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி எல்லாம் அவர்கள் கையில். 2023இல்தான் அந்தத் தொகை 12,500 என்று அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் அவர்களுக்கு மே மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. புதிய கல்வியாண்டுக்குத் தயாராகும் மாதத்தில் அவர்களில் பலர் வெயிலில் வேறு வேலைக்குப் போனார்கள். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக 7,500, 10,000, 12,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் 13,331 தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசு அனுமதித்தது. அப்படி வந்தவருக்கு அடுத்த ஜூனில் அந்த நாற்காலி இருக்குமா என்பதே தெரியாது. அவரிடம் ஆண்டுத் திட்டம் கேட்பது அபத்தம்.

2025 செப்டம்பர் 1 தீர்ப்புக்குப் பிறகு நிரந்தரப் பணியாளருக்கும் கொஞ்சம் இதே கலக்கம். ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையேல் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம், பதவி உயர்வு கிடையாது. தமிழ்நாடு அரசு சீராய்வு மனு போட்டது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் முதல் தடவை நடந்த தகுதித் தேர்வில் ஆறரை லட்சத்துக்கும் மேல் எழுதித் தேறியவர்கள் 2,448 பேர் மட்டுமே என்பதை நினைத்துக்கொண்டால், இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்கூட ஏன் பதறுகிறார் என்பது விளங்கும். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும் என்ற தாளுக்குக் கோச்சிங் வகுப்பின் நோட்டை வாங்கி, வகுப்புக்குத் தயாராக வேண்டிய கோடை மாலைகளில் ஆசிரியை மனப்பாடம் செய்கிறார். வகுப்பில் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவிடாதீர்கள் என்று பயிற்சியில் கேட்டுக்கொண்டு வந்தவரும் அவர்தான்.

ஆசிரியர் நேரத்தை ஒரு நாடு அளந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே கல்வியாண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2018இல் எடுத்த டாலிஸ் கணக்கெடுப்பில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பது தெரிந்தது. பங்கேற்ற நாடுகளின் சராசரி 38.3 மணி. 1971 சட்டப்படி அவர்களுக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கிடையாது, அதற்கு ஈடாக 4 சதவீதம் மட்டும். அந்த எண் வெளியே வந்த பிறகு அது நாட்டின் அவமானமாகப் பேசப்பட்டு, 2025இல் சட்டம் திருத்தப்பட்டு, 4 சதவீதத்தைப் படிப்படியாக 2031க்குள் 10 ஆக்குவது என்று முடிவானது. போதாது என்று அங்குள்ள ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆனால் அளந்தார்கள். இந்தியா அந்தக் கணக்கெடுப்பில் சேரவே இல்லை. அளக்காத நேரத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் இல்லை. மாறுதலும் பதவி உயர்வும் மே 31க்குள் முடிய வேண்டும். முடியாத ஆண்டில் அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டும். திறப்புக்கு முந்தைய ஒரு வாரத்தை வேலைநாளாகவே அறிவித்து, 210இல் சேர்த்து, அந்த வாரத்தில் பயிற்சியோ கூட்டமோ இல்லாமல் ஆசிரியர்களை அவரவர் வகுப்பறையில் விட வேண்டும். ஆசிரியர் விடுமுறையில் கைவைப்பதாகச் சங்கங்கள் இதை எதிர்க்கக்கூடும். இப்போதும் அந்த வாரம் அவர்கள் பள்ளியில்தான் இருக்கிறார்கள், கணக்கில்லாமல் இருக்கிறார்கள் என்பதே அதற்குப் பதில். ஐந்தாறு தொடக்கப் பள்ளிக்குச் சேர்த்து ஒரு எழுத்தர் கொடுத்தாலே எமிஸ் பாதி தீரும்.

இதில் பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 2024இல் திருத்தி அமைத்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆனது. ஜூனில் நடக்கும் முதல் கூட்டத்துக்குப் போகிறவர்கள், கழிப்பறையும் சுற்றுச்சுவரும் பேசி முடித்ததும், இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி, என் பிள்ளையின் ஆசிரியர் வகுப்பு நேரத்தில் செய்யும் மற்ற வேலைகள் என்னென்ன? வரும் பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தீர்மானத்தைச் செயலியில் பதிவேற்ற வேண்டும். அதைச் செய்யப்போவதும் ஓர் ஆசிரியர்தான்.